கொல்லையில் ஒரு கலைக்கூடம்: செலவுக்குத் தகுமா?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், மகளிர் அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் வீணையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். வீணையின் பெருமையை எடுத்துரைக்க என்னினும் மிக்கார் பலர் இவ்வவையில் இருக்கின்றனர். ஆகவே, "வீணையைப் பற்றி வேண்டாம், வீணை வாசிக்கும் கொட்டகையைப் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். அவர்கள் சற்றே திகைத்தார்கள்; பின்னர்ச் சிரித்துக்கொண்டே இசைந்தார்கள்.

இப்பொருளை நான் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு இசைக்கூடம் எழுந்த நாள்தொட்டு, நம் காலனியில் நான்கு குடும்பத்தார் என்னிடம் ஒரே வினாவை வினவியுள்ளனர். ஒருவர் தஞ்சாவூர் ஓவியம் தீட்டும் சகோதரி; ஒருவர் மிருதங்கம் பயிலும் இளைஞர்; ஒருவர் தையற்கலை அறிந்தவர்; மற்றொருவர் வீட்டிலிருந்தே கணிப்பொறிப் பணி செய்பவர். நால்வரும் கேட்டது இதுதான்: "கொல்லையில் இவ்வளவு செலவு செய்தீர்களே, அது தகுமா?" காய்கறிக் கடை வாயிலில் நின்றுகொண்டு இதற்கு விடை கூற இயலாது. விடையில் பாதி கணக்கு. பாதி குடும்பக் கதை. ஆதலின் இன்று இவ்வவையிலேயே கூறிவிடுகிறேன்.

நாங்கள் நாகபுரிக்கு வந்தது 1984ஆம் ஆண்டில். என் கணவர் ரயில்வேயில் பணி. நான் கணக்கு அலுவலகம் ஒன்றில் பணி. தஞ்சையிலிருந்து என்னோடு வந்த சீதனம் என் அன்னையின் வீணை ஒன்றே. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் மேல் படுக்கையில் வீணை துயில, நாங்கள் இருவரும் கீழே அமர்ந்தே வந்தோம். காலனியில் மனை வாங்கி வீடு கட்டிய பிறகு, அலுவலகம் முடிந்து வந்து மாலை 5 மணி முதல் 7 மணி வரை கூடத்தில் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்தேன். தமிழ்ப் பிள்ளைகள் வந்தார்கள். மராட்டியப் பிள்ளைகளும் வந்தார்கள்.

அந்த இரண்டு மணி நேரமும் எங்கள் வீடு எப்படி இருந்தது என்பதை நான் அக்காலத்தில் எண்ணிப் பார்த்தவள் அல்லேன். என் கணவர் அலுவலகத்திலிருந்து திரும்பினால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கவழியாகச் சமையலறைக்குள் நுழைவார். பிள்ளைகள் படுக்கையறையில் கட்டிலின்மேல் புத்தகத்தை விரித்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். என் பக்கத்திலும் இடையூறுகள் இல்லாமலில்லை. வருணத்தின் நடுவே குக்கர் விசில் அடிக்கும். கீர்த்தனத்தின் நடுவே பால்காரர் அழைப்பார். வீணை மெல்லிய குரல் உடைய வாத்தியம். மத்தளம் தன் குரலால் தெருவை வெல்லும். வீணையை ஒரு மிக்ஸி வென்றுவிடும்.

2020ஆம் ஆண்டில் நான் ஓய்வு பெற்றேன். சேமநலநிதி கைக்கு வந்தது. "இனியேனும் வாசிப்பதற்குத் தனியே ஓர் இடம் வேண்டும்" என்றேன். என் கணவர் மறுத்துரைக்கவில்லை. தொற்றுநோய்க் காலம் தணிந்ததும் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் கொல்லையை அளந்து, 12 அடிக்கு 15 அடியில் ஓர் அறை, குளிர்சாதனம், ஒரு கழிப்பறை, சுவரெங்கும் ஒலி அடக்கும் பலகை என வரைபடம் ஒன்று தந்தார். தொகை 4,80,000 ரூபாய். அந்தக் காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு இருவரும் நெடுநேரம் பேசாதிருந்தோம். பின் உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்கத் தொடங்கினோம்.

கேட்ட இடமெல்லாம் அறிவுரைக்குக் குறைவில்லை. ஒருவர், "கட்டுங்கள், வீட்டின் மதிப்பு உயரும்" என்றார். நான் சிந்தித்துப் பார்த்தேன். இந்த வீட்டை விற்கும் நாளில் வாங்க வருபவர் வீணை வாசிப்பவராக இருக்கப் போகிறாரா? அவர் அதனைப் பழைய சாமான் போடும் அறையாகவே எண்ணி விலை பேசுவார். விற்பனையை நினைத்துக் கலைக்கூடம் கட்டுதல், மறுவீட்டார் மெச்சுவதற்காகச் சமைத்துவிட்டு நாம் பட்டினி கிடப்பதை ஒக்கும்.

வேறொருவர், "ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கு இங்கே எதற்கு இன்னொரு கட்டடம்?" என்றார். இச்சொல் என்னை மெய்யாகவே தைத்தது. அன்பர்களே, நம்மில் இதனைச் சொல்லாத குடும்பம் எது? ஒவ்வொரு பொங்கலன்றும், "அடுத்த பொங்கல் ஊரில்தான்" என்று சொல்லிச் சொல்லியே நாற்பது ஆண்டுகளை இங்கே கழித்தோம். திரும்பும் எண்ணத்தால் நல்ல நாற்காலி வாங்கவில்லை; நல்ல அலமாரி செய்யவில்லை; கொல்லையில் மாமரம்கூட நடவில்லை. வேம்பு ஒன்று தானாக முளைத்தது. அது எங்களைக் கேட்கவில்லை. இன்று நம் கொல்லையில் நிழல் தருவது அதுவே.

எனவே உணர்ச்சியை ஒருபுறம் வைத்துவிட்டுக் கணக்குப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் கணக்கைச் சரிபார்த்தவள், என் கணக்கை ஒருமுறை சரிபார்க்கலாம் அன்றோ?

முதலில், நான் உண்மையில் எத்தனை மணி நேரம் வாசிக்கிறேன் என்று அறிய வேண்டியிருந்தது. எவரைக் கேட்டாலும், "நாள்தோறும் மூன்று மணி நேரம் பயிற்சி செய்வேன்" என்றே சொல்லியிருப்பேன். சமையலறை நாட்காட்டியில் மூன்று மாதங்கள் குறித்துப் பார்த்ததில் என் பெருமை கரைந்தது. கற்பித்தல் வாரத்திற்கு 9 மணி. என் சொந்தப் பயிற்சி வாரத்திற்கு 3 மணி. ஆக 12 மணி. ஊர்ப் பயணத்திற்கு இரண்டு வாரங்களைக் கழித்து ஆண்டுக்கு 50 வாரம் என்று கொண்டால், 600 மணி நேரம். இந்த எண்ணைத் தெரிந்துகொள்ள ஒரு பென்சில்தான் செலவாயிற்று. கலைக்கூடம் கட்ட நினைக்கும் ஒவ்வொருவரும் செங்கல் வாங்குமுன் வாங்க வேண்டியது அந்தப் பென்சிலே.

அடுத்து, ஒத்திகை. எங்கள் கொல்லையில் முன்பே ஒரு தகரக் கொட்டகை இருந்தது. இவ்வூரார் 'பத்ரா' என்பார்களே, அந்தத் தகரத்தால் வேய்ந்த கூரை. குளிர்காலத்தில் கூலரும், எந்தக் காலத்திலும் பழைய சைக்கிளும் அதில் குடியிருந்தன. 2022 பிப்ரவரியில் அதனைத் துப்புரவு செய்து, பாய் விரித்து, விளக்குப் போட்டு, வகுப்பை அங்கே மாற்றினேன். பிப்ரவரியும் மார்ச்சும் தெய்வலோகமாக இருந்தன. வேப்பம்பூ மணம், குக்கர் ஓசை இல்லை. "ஒப்பந்தக்காரரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்; இதுவே போதும்" என்றுகூட எண்ணினேன்.

மே மாதம் வந்தது. நாகபுரியின் மே மாதத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் காலை வகுப்பு முடிந்ததும், உறவினர் திருமணத்திற்குப் புறப்படும் அவசரத்தில், வீணையைக் கொட்டகையிலேயே உறையிட்டு வைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து உறையை நீக்கிப் பார்த்தபோது என் கைகள் நடுங்கின. மெட்டுகள் சாய்ந்திருந்தன. சில மெழுகுக்குள் அமிழ்ந்திருந்தன. என் அன்னை வாசித்த வீணை, என் கண்முன்னே ஊமையாகிக் கிடந்தது.

வீணையின் அமைப்பை அறியாதவர்களுக்காக ஒரு சொல். வீணையின் குடமும் தண்டியும் பலா மரத்தால் ஆனவை. தண்டியின்மேல் 24 மெட்டுகள். அவை ஆணியால் அடிக்கப்பட்டவை அல்ல. கருமை சேர்த்த தேன்மெழுகில் பதிக்கப்பட்டவை. கைவினைஞர் ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுச் சுருதி பார்த்து மெழுகில் நிறுத்துவார். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். தேன்மெழுகு உருகுவது ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியஸில். ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே அது இளகிவிடும். வெளியே வெப்பம் 45 டிகிரி. சாத்திய கதவுகளுக்குள், நண்பகல் வெயிலில் காய்ந்த தகரத்தின் கீழே எத்தனை டிகிரி இருந்திருக்கும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். குற்றம் தகரத்தின்மேல் இல்லை, என்மேல்தான். சைக்கிளுக்குக் கட்டிய கொட்டகையில் வீணையைக் குடிவைத்தவள் நான்.

மீண்டும் ரயில், மீண்டும் மேல் படுக்கை, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சென்னை, அங்கிருந்து தஞ்சை. மேளம் கட்டும் பெரியவர் வீணையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மரத்திற்குப் பழுதில்லை அம்மா. மெழுகு போனால் வைக்கலாம். மரம் வெடித்தால்தான் வருத்தம்" என்றார். அவர் சொன்ன பிறகே எனக்கு மூச்சு வந்தது. வேலை முடித்துத் தரச் சில வாரங்கள் ஆகும் என்றதால், வீணையை அவரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் நாகபுரிக்குத் திரும்பினேன்.

வீணை இல்லாத அந்த வாரங்களில்தான் கணக்குப் புத்தகத்தில் எழுதாத இரண்டு செய்திகளை அறிந்தேன்.

முதலாவது, ஒரு மாலை 5 மணிக்கு என் கணவர் கூடத்தில் அமர்ந்து, தொலைக்காட்சியில் செய்தி கேட்டுக்கொண்டு, உரக்க இருமினார். இருமிவிட்டு, பழக்கத்தால் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. தம் வீட்டுக் கூடத்தில் மாலை வேளையில் தாராளமாக இருமுவதற்கு அவர் முப்பது ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார்! கொல்லையில் ஓர் அறை எனக்கு விடுதலை என்று மட்டுமே நான் எண்ணியிருந்தேன். அது அவருக்கும் விடுதலை என்பது அன்றுதான் புரிந்தது. கலைக்கூடத்தின் பயனைக் கணக்கிடுவோர், கலைஞர் பெறும் அமைதியை மட்டும் எழுதுகின்றனர். வீட்டார் திரும்பப் பெறும் கூடத்தை எழுத மறந்துவிடுகின்றனர்.

இரண்டாவது செய்தி இதற்கு நேர்மாறானது. வெளியூரில் வேலை செய்யும் என் மகளிடம் தொலைபேசியில் இவற்றையெல்லாம் சொன்னேன். அவள் வீணை கற்றவள் அல்லள், கற்க மறுத்தவள். அவள் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அம்மா, நான் ஒரு நாளும் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் நீ சொல்லிக்கொடுத்த வருணங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். கணக்குப் போட்டுக்கொண்டே கேட்டேன். நீ கொல்லைக்குப் போய்விட்டால், விடுமுறைக்கு வரும் என் பிள்ளை எதைக் கேட்டு வளர்வான்?" என்றாள்.

தாய்மார்களே, ஒப்பந்தக்காரர் தந்த காகிதத்தில் இந்தச் செலவு இல்லை. ஊரில் கோயில் மணியும் நாகசுரமும் தெருவழியே தாமே காதில் விழும். இங்கே நம் பிள்ளைகளின் காதில் நம் இசையும் நம் சொல்லும் விழ வேண்டுமானால், அவை வீட்டின் நடுவிலிருந்துதான் ஒலிக்க வேண்டும். கூடத்திலிருந்து வீணையை வெளியேற்றும்போது இடையூற்றை மட்டுமன்று, செவிச்செல்வத்தையும் சேர்த்தே வெளியேற்றுகிறோம். கட்டலாமா, வேண்டாமா என்ற வினா அன்றிரவு எனக்கு முன்னிலும் கடினமாயிற்று.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. தனியிடம் தேடித் தோட்டத்துக்குப் போனவர் உலகில் பலர். நார்வே நாட்டு இசைமேதை எட்வர்ட் கிரீக், தம் வீட்டுத் தோட்டத்தின் கீழே ஏரிக்கரையில் 1891ஆம் ஆண்டில் ஒரு சிறு குடில் கட்டிக்கொண்டார். ஒரு பியானோ, ஒரு மேசை, அவ்வளவே. ஆங்கில நாட்டில் பெர்னார்டு ஷா எழுதிய தோட்டத்துக் குடில், வெயில் செல்லும் திசைக்கேற்பச் சுழற்றக்கூடியது. நாகபுரியில் நமக்கு வேண்டியதோ வெயிலுக்கு முதுகு காட்டும் குடில்! பெண்களுக்குத் தனியறை வேண்டும் என்று 1929இல் நூல் எழுதி வெளியிட்ட வர்ஜினியா உல்ஃப் அம்மையாரும் தோட்டத்தில் ஒரு மரக்குடிலில் எழுதினார். குளிர்காலத்தில் அங்கே அமர்வது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. நம் நாட்டில் இரவீந்திரநாத தாகூர் சாந்திநிகேதனத்தில் 1935ஆம் ஆண்டில் 'சியாமளி' என்ற மண் வீட்டைக் கட்டுவித்தார், கூரையும் மண்ணே. இவர்கள் எவரும் மாளிகை தேடவில்லை. குறைந்த இடம், தொழிலுக்கு வேண்டிய பொருள், பிறர் குறுக்கிடாத சில மணி நேரம்; இவை கிடைத்தால் போதும் என்றே இருந்தார்கள்.

இனிக் கணக்கைக் கூறுகிறேன். ஆண்டுக்கு என்ன செலவு என்று காண்பதே என் முறை. முதலாவது, அப்பணத்தை வங்கி வைப்பில் இட்டால் வரக்கூடிய வட்டி; நூற்றுக்கு 7 என்று கொண்டேன். இரண்டாவது, தேய்மானம், அறை 20 ஆண்டுகள் பயன்படும் என்று கொண்டேன். மூன்றாவது, மின்சாரமும் பராமரிப்பும்.

ஒப்பந்தக்காரரின் 4,80,000 ரூபாய் அறைக்கு வட்டி 33,600, தேய்மானம் 24,000, குளிர்சாதனத்திற்கு மின்சாரமும் பராமரிப்பும் 14,400. ஆக ஆண்டுக்கு 72,000 ரூபாய். 600 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 120 ரூபாய்.

பின்னர் நானே வரைந்த சிறிய அறை, 10 அடிக்கு 12 அடி. கழிப்பறை இல்லை, வீடு இருபது அடி தூரத்தில்தானே இருக்கிறது! குளிர்சாதனம் இல்லை. மிஸ்திரி கூறிய தொகை 2,10,000 ரூபாய். வட்டி 14,700, தேய்மானம் 10,500, மற்றவை 4,800. ஆக 30,000 ரூபாய். மணிக்கு 50 ரூபாய்.

ஐந்தே ஆண்டுகளில் ஊர் திரும்பிவிட்டால்? தேய்மானம் ஆண்டுக்கு 42,000 ஆகும், மொத்தம் 61,500, மணிக்கு நூறு ரூபாய்க்குச் சற்று மேல். அப்போதும் பெரிய அறையின் கணக்கைவிடக் குறைவே. ஊர் திரும்பும் எண்ணத்திற்கு இவ்வாறு ஒரு விலை கட்டிய பிறகு, அது என்னை அச்சுறுத்தவில்லை.

ஆனால் இன்னொரு வரியையும் காண்க. அதே சிறிய அறையை ஆண்டுக்கு 60 மணி நேரம் மட்டுமே பயன்படுத்தினால், மணிக்கு 500 ரூபாய் ஆகிறது. அறையின் அளவு பிழையன்று, விலையும் பிழையன்று. போகாமல் இருப்பதே பெருஞ்செலவு. 'அறை இருந்தால் பயிற்சி வரும்' என்று நம்பிக் கட்டுபவர் ஏமாறுவார். பயிற்சி இருந்தால் அறை வரட்டும்.

கட்டணம் வாங்கிக் கற்பிப்போர் வருமானத்தையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் கூடத்திலேயே வந்துகொண்டிருந்த மாணவரின் கட்டணத்தைச் சேர்க்கலாகாது. அறையினால் புதிதாக வந்த மாணவரின் கட்டணம் மட்டுமே அறையின் வருமானம்.

இறுதியில் நாங்கள் எடுத்த முடிவு இதுதான்: சிறிய அறை கட்டுவது, வகுப்பும் விடியற்காலைப் பயிற்சியும் அங்கே நடத்துவது, ஆனால் வீணை வசிப்பது கூடத்திலேயே. நாள்தோறும் அதனைக் கொல்லைக்கு எடுத்துச் சென்று, முடிந்ததும் கூடத்திற்கே கொண்டு வருவது. மாலை விளக்கேற்றிய பின் அரை மணி நேரம் கூடத்தில் வாசிப்பது. அந்த அரை மணி நேரம் வீட்டாருக்கு உரியது. என் கணவர் இருமலாம், பேரன் கணக்குப் போடலாம், குக்கர் விசில் அடிக்கலாம். மெழுகு கற்பித்த பாடமும் மகள் கற்பித்த பாடமும் ஒன்றாகவே முடிந்தன: கூடம் வேலைக்கு, வீடு வீணைக்கு.

கட்டிய முறையையும் சுருங்கக் கூறுகிறேன்; செலவு செய்யப் போகிறவர்களுக்கு உதவும்.

முதல் வேலை, மாநகராட்சி விதிப்படி மனையின் பின்புறத்தில் விட வேண்டிய வெளி எவ்வளவு என்று கேட்டு, அனுமதி பெற்றது. கட்டிவிட்டு இடிப்பதைவிடக் கேட்டுவிட்டுக் கட்டுவது மலிவு. அடுத்து, வேம்பின் நிழல் பிற்பகலில் விழும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து அங்கேயே அறையை அமைத்தோம். சுவர் 9 அங்குலச் செங்கல். கூரை கான்கிரீட், அதன்மேல் வெள்ளைப் பீங்கான் ஓட்டுச் சில்லுகள் பதித்தோம். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். தகரக் கூரையில் மழைக்காலத்தில் வகுப்பே நடத்த முடியாது; ஆனிமாத மழை பெய்தால் ஆதிதாளத்தில் ஐம்பது மிருதங்கம் வாசித்தாற்போல் இருக்கும். கல்நார் ஓடு மலிவு என்றார்கள். உடைந்தாலும் அறுத்தாலும் எழும் அதன் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால் மறுத்தோம்.

ஒலியைப் பற்றி ஒரு சொல். என் மாணவி ஒருத்தி முட்டை அட்டைகளைச் சேர்த்து எடுத்து வந்து, "சுவரில் ஒட்டினால் ஓசை வெளியே போகாது" என்றாள். பலரும் அவ்வாறே நம்புகின்றனர். அவ்வட்டை அறைக்குள் எதிரொலியைச் சிறிது குறைக்கலாம். சுவர் கடந்து செல்லும் ஒலியைத் தடுக்காது. ஒலியைத் தடுப்பது சுவரின் எடை; அதற்கடுத்து, இடுக்குகளை அடைத்தல். காற்று நுழையும் வழியெல்லாம் ஒலியும் நுழையும். எனவே கனமான கதவு, அதன் கீழே ரப்பர்ப் பட்டை, வடக்கே ஒரு சிறு ஜன்னல், இவற்றோடு நிறுத்திக்கொண்டோம். வீணைக்கு வெளியோசை உள்ளே வாராதிருந்தால் போதும். மிருதங்கம் பயிலும் தம்பிக்கோ உள்ளோசை வெளியே போகாதிருக்க வேண்டும். அவருக்குச் செலவு கூடும். அண்டை வீட்டாரிடம் நேரத்தைப் பேசி முடிவு செய்துகொண்டால் அச்செலவில் ஒரு பகுதி மிஞ்சும். ஓவியச் சகோதரிக்கு வடக்கு ஜன்னல் பெரிதாக வேண்டும். நேர் வெயில் விழாத ஒளியே வண்ணத்தை மெய்யாகக் காட்டும். தையற் சகோதரிக்கு ஜன்னலைவிட நீண்ட மேசை முதன்மை. கணிப்பொறி நண்பருக்கு வெப்பமும் தூசியுமே பகை. ஒவ்வொருவரும் தம் தொழிலுக்கு எது பகை என்று முதலில் அறிந்து, அதனைத் தடுக்க மட்டும் செலவு செய்தால் போதும்.

கோடைக்குக் கூலர் வைத்தோம். அதன் இரைச்சலில் வீணை கேளாது. அதன் ஈரக்காற்று மரத்திற்கும் நன்றன்று. ஆகவே வகுப்புக்கு முன் அரை மணி நேரம் ஓட்டி, பின் நிறுத்திவிடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் வகுப்பை விடியற்காலை 6 மணிக்கு மாற்றினேன். குளிர்சாதனத்திற்குச் செலவழிக்க வேண்டிய பணத்தைக் கடிகாரம் மிச்சப்படுத்தியது!

அறை எழுந்து கோடைகள் கடந்துவிட்டன. இப்போதும் நாட்காட்டியில் மணிகளைக் குறிக்கிறேன். முதலாண்டு 600 ஆகவில்லை, 540தான் ஆயிற்று. மறைக்காமல் சொல்கிறேன். மழைநாளில் கொல்லைக்குப் போகச் சோம்பல் வந்தது. மறுவருடம் வீட்டிலிருந்து அறைவரை நான்கு கடப்பைக் கற்கள் பதித்தோம். கால் சேறாவது நின்றது. மணிக் கணக்கும் ஏறியது. 600ஐத் தாண்டியது. பெரிய செலவைப் பயன்படுத்த வைப்பது சில வேளை நான்கு கற்களே.

ஆகவே, நண்பர்களே, "தகுமா?" என்ற வினாவிற்கு என் விடை இது. மூன்று மாதம் மணிகளைக் குறியுங்கள். உள்ள இடத்திலேயே ஒரு கோடையும் ஒரு மழையும் ஒத்திகை பாருங்கள். வீட்டார் என்ன பெறுவார்கள், எதை இழப்பார்கள் என்று அவர்களையே கேளுங்கள். அதன் பிறகும் கை கொல்லைப் பக்கமே இழுத்தால், சிறியதாகக் கட்டுங்கள். எனக்குத் தகுந்தது. உங்களுக்குத் தகுமா என்பதை உங்கள் நாட்காட்டி சொல்லும்.

சென்ற விடுமுறையில் என் பேரன் வந்திருந்தான். ஒரு மாலை கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது, அவன் தரையில் படுத்து ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தான், கேட்பதாகவே தோன்றவில்லை. மறுநாள் காலை பல் துலக்கும்போது, நுரை வாயோடு அந்த வருணத்தின் முதல் அடியை முணுமுணுத்தான். சுருதி சற்றே விலகியிருந்தது. நான் திருத்தவில்லை.

வேம்பைப் போல் நாமும் இங்கே வேர்விட்டவர்கள். வேர்விட்ட இடத்தில் சிறிது நிழலும் தருவோம்.